வாக்குச் சீட்டு தோட்டத்துக்கு வந்த வழி



புக்கிட் தெங்கா பக்கத்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் பட்டர்வொர்த் துறைக்குச் சென்று பெர்ரி ஏறித்தான் அக்கரை சேர்வார்கள். 1985-இல் பாலம் திறந்த பிறகு பலர் அந்த வழியை மறந்துவிட்டார்கள். ஆனாலும் பெர்ரி இன்னும் ஓடுகிறது. அதில் போய் இறங்கிக் கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் ஒரு பழைய கோட்டையைக் காணலாம். பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போய், அந்தக் கோட்டையின் பெயரையும் அது நிற்கிற நகரத்தின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த இரண்டு பெயர்களுக்குள்ளே ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது.

நகரத்தின் பெயர் ஜார்ஜ் டவுன். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் அது. எந்த மன்னரின் ஆட்சி வேண்டாம் என்று அமெரிக்க மக்கள் 1776-இல் சுதந்திரப் பிரகடனம் செய்தார்களோ, அதே மன்னர்தாம் இவர். கோட்டையின் பெயர் கார்ன்வாலிஸ் கோட்டை. கார்ன்வாலிஸ் என்பவர் அந்த அமெரிக்கர்களோடு போரிட்டு, 1781-இல் யார்க்டவுன் என்ற இடத்தில் சரணடைந்த தளபதி. உடல்நலமில்லை என்று சொல்லி, சரணடையும் சடங்குக்குத் தாம் வராமல் தமக்குக் கீழிருந்த தளபதியை அனுப்பிவைத்தார் என்பது ஒரு சுவையான செய்தி. அங்கே தோற்ற அவரைத்தான் 1786-இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக அனுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். அதற்கு மறு ஆண்டு, 1787-இல், அமெரிக்கர்கள் பிலடெல்பியா நகரில் கூடித் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதினார்கள்.

ஆக, பினாங்குக் குடியேற்றமும் அமெரிக்கக் குடியரசும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. ஆனால் அங்கே மக்கள் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கிய காலத்தில், இங்கே கும்பினியார் நியமித்த ஓர் அதிகாரியின் சொல்லே சட்டமாக இருந்தது. ஏன் இந்த வேறுபாடு? அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியும் உண்டு. நிலமும் இல்லாமல் வீடும் இல்லாமல் கூலிக்கு உழைத்தவனுக்கு இந்த வாக்குரிமை எப்போது வந்து சேர்ந்தது? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இரண்டாவது கேள்விதான் நெருக்கமானது.

அமெரிக்காவின் மக்களாட்சி 1776-இல் திடீரென்று முளைத்துவிடவில்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் வேர் பிடித்துவிட்டது. 1619-இல் வர்ஜீனியாவில் குடியேறியவர்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சபை கூட்டினார்கள். 1620-இல் மேபிளவர் என்ற கப்பலில் வந்தவர்கள், தரையிறங்கும் முன்பே, நாம் எல்லோரும் சேர்ந்து இயற்றும் சட்டத்துக்கு நாம் எல்லோரும் கட்டுப்படுவோம் என்று ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அதில் 41 ஆண்கள் கையெழுத்திட்டார்கள். பிறகு வடகிழக்குப் பகுதியில் ஊருக்கு ஊர் 'ஊர்க்கூட்டம்' நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. சாலையை எங்கே போடுவது, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவிடுவது, அதற்கு ஆளுக்கு எவ்வளவு வரி என்பதையெல்லாம் ஊரார் ஒன்றுகூடிக் கையுயர்த்தி முடிவு செய்தார்கள். அந்தப் பகுதியிலுள்ள சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் இது நடக்கிறது.

இப்படித் தங்கள் வரியைத் தாங்களே விதித்துக்கொண்டு பழகியவர்கள் மீது, 1765-இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு முத்திரை வரியைச் சுமத்தியது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. அந்த நாடாளுமன்றத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே, எங்களைக் கேளாமல் எங்கள் பணத்தை எப்படி எடுக்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசினார்கள். பின்னர் போர் மூண்டது. இங்கிலாந்தில் 1215-இல் மன்னர் ஒப்புக்கொண்ட பேருரிமைச் சாசனமும், அறிஞர்கள் எழுதிய நூல்களும் அவர்களுக்குத் துணை நின்றன. ஆனால் அடித்தளம் அந்த ஊர்க்கூட்டம்தான் என்பது என் கருத்து. நூல் படித்தவர் சிலர். ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவர் பலர்.

இதைக் கேட்டு, அங்கே எல்லாரும் சமம் என்று எண்ணிவிடக் கூடாது. வரி கட்டுகிறவனைக் கேட்டுத்தான் வரி போட வேண்டும் என்றால், வரி கட்டாதவனைக் கேட்க வேண்டியதில்லை என்றும் ஆகிவிடுகிறதல்லவா? அப்படித்தான் ஆயிற்று. தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களில் சொத்துள்ள ஆண்களே வாக்களித்தார்கள். வெள்ளையருக்குள் இந்தச் சொத்துத் தகுதியைக் கடைசியாக நீக்கிய மாநிலம் வட கரோலினா, ஆண்டு 1856. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-இல். தெற்கு மாநிலங்களின் புகையிலைத் தோட்டங்களிலும் பருத்தித் தோட்டங்களிலும் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் நிலையோ மிகக் கொடியது. 1787-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று சேர்த்துக்கொண்டார்கள். அடிமையின் தலையை எண்ணினார்கள்; எண்ணியதால் வந்த பலம் எசமானுக்குப் போயிற்று; அடிமைக்கு வாக்கு இல்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்து, 1870-இல் நிறத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று பல தடைகளைப் போட்டார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தத் தடைகள் பெரும்பாலும் உடைந்தன.

நம் முன்னோர் மட்டும் வேறு விதமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தார்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உள்ளவர் பெயரையே குடத்தில் இட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த நிலத்தில் இறங்கி உழுதவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. மேடைகளில் குடவோலையைப் புகழ்கிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இனி நம் பினாங்குக்கு வருவோம். சாலை, கால்வாய் வேலைகளுக்காக வீட்டு மதிப்பைக் கணித்து வரி வாங்க, 1800-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டவுனில் ஒரு குழு அமைந்தது. சுக்காய் பிந்து என்று நாம் சொல்கிற வரியின் மூதாதை இது எனலாம். அப்போது பினாங்கு இந்தியாவை ஆண்ட அரசின் கீழ் இருந்தது. அந்த அரசு 1856-இல் ஒரு நகராண்மைச் சட்டம் இயற்றியது. அதன்படி 1857-இல் ஜார்ஜ் டவுனில் நகராண்மை உறுப்பினர்களுக்குத் தேர்தல் நடந்தது. குறிப்பிட்ட அளவு வரி செலுத்தியவர்களுக்கு மட்டுமே வாக்கு. வட கரோலினாவில் சொத்துத் தகுதி போன அதே வேளையில், இங்கே சொத்துத் தகுதியோடு வாக்கு பிறந்தது. அந்தச் சிறிய உரிமையும் நிலைக்கவில்லை. 1913-இல் தேர்தலை நிறுத்திவிட்டு, உறுப்பினர்களை அரசாங்கமே நியமிக்கத் தொடங்கியது.

இதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை. இந்தப் பக்கம், நம் செபராங் பிறையில் என்ன நடந்தது? 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்ட இந்த நிலப்பகுதியில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பத்து காவான், கலிடோனியா போன்ற இடங்களில் பெரிய கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது வெறும் வேலை நீக்கத்துக்குரிய குற்றம் அல்ல, சிறைக்குரிய குற்றம். 1910-இல் அந்த முறை நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணி முறை வந்தது.

வாக்கு என்பது வரியைத் தொடர்ந்து வரும் என்றோம். தோட்டத்தில் நிலம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, அவற்றுக்கு வரி கட்டுவதும் கம்பெனிதான். தொழிலாளி சாராயத்துக்கும் சீனிக்கும் துணிக்கும் கொடுக்கிற விலையில் எத்தனையோ வரி அடங்கியிருந்தாலும், அது யார் கணக்கிலும் ஏறாது. ஆகவே பட்டணத்துக் கடைக்காரருக்குக் கிடைத்த வாக்கு, பால்மரம் வெட்டியவருக்குக் கிடைக்க வழியே இல்லை. தோட்டம் தனியார் சொத்து. சாலை, தண்ணீர், விளக்கு, ஆயாக் கொட்டகை எல்லாம் துரையின் பொறுப்பு. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கருத்துக் கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1950-இல் ஊராட்சி மன்றத் தேர்தலுக்கான சட்டம் வந்தது. மலாயாவில் அந்தச் சட்டத்தின்படி முதல் தேர்தல் நடந்த இடம் நம் ஜார்ஜ் டவுன்தான். நாள் 1951 டிசம்பர் 1. மன்றத்தின் 15 இடங்களில் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். கோலாலம்பூரில் தேர்தல் நடந்தது அதற்குப் பிறகே, 1952 பிப்ரவரியில். 1956-இல் ஜார்ஜ் டவுன் மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டதாயிற்று. 1957 ஜனவரி 1-ஆம் நாள் அது மாநகரம் ஆனது. அதன் மேயராக இருந்தவர்களில் ஒருவர், தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். ஜார்ஜ் டவுனில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், பேருந்து ஆகிய மூன்றையும் அந்த மாநகர் மன்றமே நடத்தியது என்றால், அந்தப் பதவியின் கனத்தை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். சாமானிய மக்கள் வாக்கால் வந்த ஒரு மன்றம், மன்னர் ஜார்ஜின் பெயர் தாங்கிய நகரத்தில் ஆட்சி செய்தது.

தோட்டத்திலும் அந்த ஆண்டுகளில் வாக்குப் பழக்கம் தொடங்கியது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. கிளைச் செயலவைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும், கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பதும் நம்மவர் பலருக்கு அதனால்தான் பழக்கமாயிற்று. அமெரிக்க ஊர்க்கூட்டம் அவர்களுக்கு எதுவோ, சங்கக் கிளைக் கூட்டம் நமக்கு அதுவே என்றால் மிகையாகாது.

1955 ஜூலை 27-ஆம் நாள் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. சொத்து, வரி என்ற பேச்சே இல்லை, பெண்களும் வாக்களித்தார்கள். ஆனால் பதிவு செய்துகொண்ட ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11 விழுக்காடு. இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இத்தனை ஆயிரம் பேர் தோட்டங்களில் இருந்தும் ஏன் இவ்வளவு குறைவு? இப்போது குறுக்கே நின்றது சொத்து அல்ல, குடியுரிமை. பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்களுக்கு, அவை பிரிட்டிஷ் காலனிகளாக இருந்ததால், 1948-ஆம் ஆண்டு ஏற்பாட்டில் கூட்டரசுக் குடியுரிமை பெறுவது எளிதாக இருந்தது. மற்ற மாநிலத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல. இங்கே பிறந்தவரிடமும், பிறந்ததற்குச் சான்று கேட்டால் பலரிடம் தாள் இல்லை. தாய் சொல்வாள், ஆயா சொல்வாள். பதிவு அலுவலகத்தில் அது போதாது.

நாட்டின் அரசியலமைப்பை வரைய 1956-இல் ரீட் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் வந்தது. இந்தியாவிலிருந்து ஒருவரும் பாகிஸ்தானிலிருந்து ஒருவரும் அதில் இருந்தனர். அவர்கள் வரைவின் வழி வந்த சட்டத்தின் ஆறாம் விதி, எவரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது, எல்லா வகைக் கட்டாய உழைப்பும் தடை செய்யப்படுகிறது என்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இந்த விதி ஏற 78 ஆண்டுகளும் ஓர் உள்நாட்டுப் போரும் வேண்டியிருந்தன. நம் சட்டத்தில் அது முதல் நாளிலேயே இருந்தது. மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்கள், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமை பெறலாம் என்ற சலுகையும் கிடைத்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாரம் நிரப்பிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பாரம் நிரப்பாமல் இருந்துவிட்டவர்களும் இருந்தார்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டம் கண்டிப்பாக நடப்புக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் கப்பலேறி இந்தியா திரும்ப நேர்ந்தது. ஒரு பாரத்தின் விலை அவ்வளவு.

இதற்கிடையே ஊராட்சித் தேர்தல் என்ன ஆயிற்று? இந்தோனேசியாவுடனான மோதல் நடந்துகொண்டிருந்த 1965 மார்ச்சில், அவசரகால விதிகளின் கீழ் அத்தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாக்குக்காக வீதியில் நடந்த அதே மாதம். மோதல் 1966-இல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் அதே 1966-இல் மாநில முதலமைச்சரிடம் மாற்றப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அரசாங்கம் அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். நிர்வாகத்தில் குறைகள் உண்டு என்று அவருடைய ஆணையம் மறைக்காமல் எழுதியது. ஆனாலும் 1968-இல் அது கொடுத்த அறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் செபராங் பிறையின் மன்றங்கள் ஒன்றாக்கப்பட்டு ஒரே நகராண்மைக் கழகமாயின. 2019 செப்டம்பரில் அது மாநகர் மன்றம் ஆயிற்று. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012-இல் ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே இன்று நம் கையில் இரண்டு வாக்குகள் உண்டு: நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. புக்கிட் தெங்கா ஒரு சட்டமன்றத் தொகுதி. அது பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. தாத்தா வரிசையில் நின்று பதிந்த காலம் போய்விட்டது. ஆனால் தானாகச் சேர்வதற்கும் நீல அடையாளக் கார்டு வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாமல் வளர்கிற பிள்ளை எந்தப் பட்டியலிலும் சேராது.

மூன்றாவது வாக்கு, அதாவது வடிகாலுக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் உரிய ஊராட்சி வாக்கு, நம்மிடம் இல்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. 24 பேர் வரை நியமிக்கலாம். யாரை நியமிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்கிறது. பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமுள்ளவர், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்தவர் என்று கூறிவிட்டு, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கவல்லவர் என்றும் சேர்த்திருக்கிறது. நிலம், வீடு, வரி என்ற பேச்சு அதில் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியோ தொழிற்பேட்டையோ வந்துவிட்ட இடங்களில், முன்பு துரையிடம் கேட்டதை இப்போது இந்த மன்றத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தை மூடிய கதவுக்குள் நடத்துவது என்று மன்றமே தீர்மானித்தால் தவிர, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களும் பத்திரிகையாளரும் வந்து பார்ப்பதற்குத் திறந்தவை என்று 23-ஆம் பிரிவு கூறுகிறது. செபராங் பிறை மாநகர் மன்றத்தின் தலைமையகம் புக்கிட் மெர்தாஜாம், பண்டார் பெர்டாவில் இருக்கிறது. புக்கிட் தெங்காவிலிருந்து அதிகத் தூரமில்லை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று அங்கே கேட்டால் சொல்வார்கள்.